தேயிலை தின்றவள்

என் அக்கா தேயிலை தின்பாள்.

குடிப்பதைச் சொல்லவில்லை. தேத்தண்ணி நாங்கள் எல்லோரும்தான் குடித்தோம். அவள் காய்ந்த தூளில் ஒரு சிட்டிகை எடுத்துக் கன்னத்தின் உள்பக்கம் அடக்கிக்கொள்வாள். அது எச்சிலில் ஊறி, வாயை இழுத்துப் பிடிக்கிற அந்தத் துவர்ப்பு தொண்டைக்குள் இறங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். பிறகு மென்று விழுங்கிவிடுவாள். வெற்றிலை போடுகிறவர்களாவது துப்புவார்கள். இவள் துப்பியதில்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. மலாய் நாட்டு மலையில், ரிங்லெட் என்ற சிற்றூரிலிருந்து உள்ளே பிரிந்து போகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இரண்டு பேரும் பிறந்தோம், அங்கேயே கொழுந்து எடுத்தோம், அங்கேயே எங்களைக் கட்டியும் கொடுத்தார்கள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கிற லயங்களில் அக்காவின் வீடு மேல் லயத்தில், என் வீடு கீழ் லயத்தில். அக்காவின் புருஷனை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் ஆலையில் இலை அரைக்கிற இயந்திரத்தில் வேலை செய்தார். அவருடைய அம்மா இளைய மகனோடு அதே லயத்தில் இரண்டு வீடு தள்ளி இருந்தார். அக்காவுக்கு அப்போது இரண்டு பிள்ளைகள்.

தேயிலையின் துவர்ப்புக்கு டானின் என்று ஒரு பெயர் இருப்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். பழைய மருந்துப் புத்தகங்களில் டானிக் அமிலம் என்று போட்டிருக்கும். மாசிக்காயில் இருப்பதுதான் அசல். தேயிலையில் இருப்பது அதற்குப் பங்காளி முறை. தன்னைத் தின்ன வருகிற பூச்சியையும் மாட்டையும் விரட்டுவதற்காகச் செடி சேர்த்து வைத்துக்கொள்கிற சரக்கு அது என்று படித்தேன். பெயர் தெரியாமலேயே எங்கள் பிழைப்பு அதை வைத்துத்தான் ஓடியது. பிள்ளைக்கு வயிற்றால் போனால் கடுஞ்சாயம், அதாவது பாலில்லாத கட்டித் தேத்தண்ணி. ஈறில் ரத்தம் கசிந்தால் ஆறின சாயத்தில் வாய் கொப்பளிப்பு. பிள்ளை பெற்றவளுக்கு மாசிக்காய், அவள் பெற்ற பிள்ளையின் நாக்கில் தடவவும் மாசிக்காய். வெளுத்துப்போன கைலியைப் பழைய சாயத்தில் முக்கி எடுத்தால் இன்னும் கொஞ்ச காலம் உடுத்தலாம். அக்காவின் மூத்தவன் கொதிதண்ணீரைக் காலில் கொட்டிக்கொண்டபோது அவள் ஆறின சாயத்தில் துணியை நனைத்து நனைத்துப் போட்டாள். மறுநாள் பார்த்த டிரசர்கூட ஒன்றும் குறை சொல்லவில்லை. டிரசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் எங்களுக்கு மருந்து கொடுக்கிறவர். டாக்டர் எப்போதாவது வருவார். டிரசர்தான் எப்போதும் இருப்பார்.

எங்கள் விரல்களிலும் அந்தத் துவர்ப்பு ஏறிப்போயிருந்தது. கொழுந்து ஒடித்து ஒடித்து ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் கறுத்து, தோல் மரப்பட்டை மாதிரி வெடித்திருக்கும். ரிங்லெட் கடையில் சாமான் வாங்கக் கையை நீட்டினாலே எந்த வேலை செய்கிற கை என்று தெரிந்துவிடும். கல்யாணம் காட்சிக்குப் போகும்போது லிமாவ் பழத்தை வெட்டி அரைமணி நேரம் தேய்ப்போம். கறை கொஞ்சம் மங்கும். வெடிப்பில் எலுமிச்சைச் சாறு இறங்கிய எரிச்சல் பந்தி முடியும்வரை இருக்கும்.

இவ்வளவு செய்தும் நாங்கள் குடித்தது அடித்தூள். நல்ல இலையெல்லாம் பெட்டியில் ஏறி மலையை விட்டு இறங்கியது. சலித்துக் கடைசியில் நிற்கிற தூசியை வீட்டுக்கு ஒரு பொட்டலம் என்று கொடுத்தார்கள். அதைக் கொதிக்க வைத்தால் மைபோல இறங்கும். சீனி இருந்தால் சீனி, இல்லாவிட்டால் அப்படியே.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு அக்காவால் மலை ஏற முடியாமல் போனது. கூடை பாதி நிறைவதற்குள் மூச்சு வாங்கும். நிரையில் எல்லோரும் முன்னால் போயிருப்பார்கள். அவள் மட்டும் செடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மாமா யாரையோ பிடித்துச் சொல்லி அவளை ஆலைக்குள் மாற்றினார். அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய்ந்த தேயிலையிலிருந்து குச்சியையும் நாரையும் பொறுக்கி எடுப்பார்கள். மழையில்லை, அட்டையில்லை, சூடான இடம். அந்த வேலைக்கு எல்லோரும் ஏங்குவார்கள்.

அங்கே போன பிறகுதான் அவளுக்கு இந்தப் பழக்கம் வந்தது. முதலில் பொறுக்கும்போது ஒரு சிட்டிகை. பிறகு நாளெல்லாம். மற்றப் பெண்கள் கேலி செய்தார்கள்; மசக்கையா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். நான் கேட்டபோது மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொன்னாள். பசி மாதிரி இல்லையாம். சோறு தின்றாலும் அடங்காதாம். தூளின் வாசனை மூக்கில் ஏறியதும் வாய் தானாக ஊறுமாம். ஞாயிற்றுக்கிழமை ஆலை மூடியிருந்தால் வேறு எதிலும் மனசு போகாதாம். வீட்டுப் பொட்டலத்தையும் தின்று தீர்த்துவிட்டு, பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி வைக்கத் தூள் இல்லாமல் என்னிடம் வந்து வாங்கிப் போவாள். இதை வெளியில் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. எனக்கும் அது ஒரு பைத்தியம் என்றுதான் பட்டது.

அந்த வருஷம் ரிங்லெட்டில் ஒரு கடையில் எங்கள் தோட்டத்து நல்ல இலை மூட்டையாக விலைக்குக் கிடைக்கிறது என்று பேச்சு கிளம்பியது. ஆலையின் கிராணி வாசலில் ஆள் போட்டுச் சோதிக்க ஆரம்பித்தார். அங்கே கணக்கு, சாவி, பொறுப்பு எல்லாம் அவர் கையில்தான். சோதனை தொடங்கிய வாரத்திலேயே அக்கா மாட்டினாள். இடுப்பில் சுற்றியிருந்த கைலியின் மடிப்பில் ஒரு பிடி தேயிலை. ஞாயிற்றுக்கிழமைக்காக எடுத்துப்போனது.

மறுநாள் காலைப் பிரட்டில் அவளை நிறுத்தினார்கள். வேலை பிரித்துக் கொடுப்பதற்காக விடிந்ததும் எல்லோரும் கூடுகிற இடம் அது. முந்நூறு பேர் இருந்திருப்போம். நானும் கூடையோடு நின்றேன். பனி இன்னும் விலகாததால் பின்வரிசை ஆட்களுக்கு அவள் முகம் தெரிந்திருக்காது. அதற்காகக் கிராணி அவளை ஒரு பெட்டியின்மேல் ஏறச் சொன்னார். அந்த ஒரு பிடி தேயிலையைக் காகிதத்தில் கொட்டி மேசைமேல் வைத்திருந்தார்கள்.

தோட்டத்தை நடத்துகிற துரை வெள்ளைக்காரர் இல்லை. ஆனால் எங்களோடு நேராகப் பேசுகிறவரும் இல்லை. அவர் கேட்டதைக் கிராணி தமிழில் கேட்டார். யாருக்கு விற்கிறாய் என்று கேட்டார். இரண்டாம் தடவையும் கேட்டார்.

"திங்கிறதுக்குங்கய்யா," என்றாள் அக்கா.

சிரிப்பு வந்தது. முன்வரிசையில் தொடங்கிப் பின்வரிசை வரைக்கும் போனது. அவளோடு ஆலையில் உட்கார்ந்து, அவள் தின்பதைத் தினமும் பார்த்த பெண்களும் சிரித்தார்கள். அவள் தின்கிறவள்தான், பார்த்திருக்கிறோம் என்று அவர்களில் ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. நான் சொன்னேன். கூடப்பிறந்தவள் வேறு எப்படிச் சொல்வாள் என்று கிராணி கையை ஆட்டி ஒதுக்கிவிட்டார்.

அவளை ஆலையிலிருந்து எடுத்து, தோட்டத்திலேயே தூரத்தில் இருந்த மலைக்குக் கொழுந்துக்கு அனுப்பினார்கள். போலீசில் சொல்லாமல் விட்டதே துரையின் பெரிய மனசு என்று சொல்லிக்கொண்டார்கள். வாசல் சோதனை அந்த மாதத்தோடு நின்றது. கள்ளி அகப்பட்டுவிட்டாள் அல்லவா. ரிங்லெட் கடையில் எங்கள் நல்ல இலை அதற்குப் பிறகும் மூட்டையாகவே கிடைத்தது. மூட்டையை எந்தப் பெண் கைலி மடிப்பில் கொண்டுபோனாள் என்று யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கு அவளுக்கு ஒரு பேர் வைத்தார்கள். டஸ்ட்டுக்காரி. டஸ்ட் என்றால் ஆலைப் பேச்சில் அடித்தூள். பிள்ளைகள்கூடக் கூப்பிட்டார்கள்.

மாமா அவளை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நான்கு பேர் வந்து விலக்கியிருப்பார்கள், அத்தோடு போயிருக்கும். அவர் வேறொன்று செய்தார். அவள் வைக்கிற தேத்தண்ணியைக் குடிப்பதை நிறுத்தினார். காலையில் எழுந்து முகம் கழுவிக்கொண்டு, இரண்டு வீடு தள்ளி அம்மா வீட்டுக்குப் போய்க் குடித்துவிட்டு வேலைக்குப் போவார். சாயந்தரமும் அப்படியே. போகும்போது லயமே பார்க்கும். சோற்றை மட்டும் இங்கே தின்பார். அக்காவின் மாமியார் என்னை வழியில் நிறுத்தி, "எங்க வூட்ல சோறு போடாமலா உங்கக்கா தேயிலைய திங்கிறா? எங்க மானத்த வாங்கிட்டாளே," என்றார். அவருக்குத் திருட்டைவிடச் சோறு போடவில்லை என்ற பேர்தான் பெரிதாகப் பட்டது.

தூரத்து மலைக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே அக்கா மூன்றாவது முறை முழுகாமல் இருந்தாள். உதடு வெளுத்துப்போனது. கண் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இல்லை. டிரசர் ரத்தம் எடுத்துப் பார்த்து, ரத்தமே இல்லை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். அவள் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை, எனக்குத் தெரியும். மலையில் பசியாற உட்காரும்போது ரொட்டியைத் தின்றுவிட்டு, பாட்டிலில் கொண்டுபோன கடுஞ்சாயத்தில்தான் அந்த மாத்திரையை விழுங்குவாள். மலையில் வேறென்ன தண்ணீர் இருக்கிறது? மாத்திரை வயிற்றைப் புரட்டும். புரட்டலுக்கு இன்னும் ஒரு வாய் சாயம். வீட்டில் ஒளித்து வைத்த தூளிலும் ஒரு சிட்டிகை.

அடுத்த தடவை ரத்தம் பார்த்தபோதும் ஏறவில்லை. அதற்கடுத்த தடவை இன்னும் இறங்கியிருந்தது. டிரசருக்குக் கோபம் வந்துவிட்டது. மாத்திரையை வாங்கிப்போய்க் கக்கூசில் போடுகிறாய் என்றார். இல்லை ஐயா, சாப்பிடுகிறேன் என்றாள். நானும் கூட நின்றேன். அவர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"களவு பண்றவ பொய் சொல்லமாட்டாளா?"

அவர் கெட்டவர் இல்லை. மழையில் குடையோடு லயத்துக்கு வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போகிறவர். பிரட்டில் பெட்டிமேல் நின்றவளை அவரும் பார்த்திருந்தார், அவ்வளவுதான். அன்றைக்கு மட்டும் அவர் எதில் விழுங்குகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். நினைத்து என்ன ஆகிறது.

பிள்ளை மாதம் முடியாமல் வந்தது. மலையிலேயே வலி கண்டு, லோரியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெண் குழந்தை. ஒரு கையில் அடங்கிவிடுகிற அளவு. அன்று சாயந்தரமே போய்விட்டது. அக்காவுக்கு வேறு யாருடைய ரத்தத்தையோ ஏற்றினார்கள். அவள் அழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மாமா வந்து குழந்தையை வாங்கிப்போய் அடக்கம் செய்தார். திரும்பி வந்து கட்டிலருகில் கொஞ்ச நேரம் நின்றார். ஏதாவது சொல்வார் என்று நான் வெளியே போனேன். திரும்பி வந்தபோது அவர் இல்லை. என்ன சொன்னார் என்று கேட்டேன். மூத்தவனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

மறுநாள் அக்கா என்னிடம் கெஞ்சினாள். கொஞ்சம் தூள் கொண்டுவா என்றாள். இந்த நிலைமையிலா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் அதைத் தவிர அவள் வேறெதையும் என்னிடம் கேட்கவில்லையே என்று ஒரு பொட்டலம் மடித்துக் கொண்டுபோனேன். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு மெல்ல ஆரம்பித்தாள். மிசி பார்த்துவிட்டார். மிசி என்றால் எங்கள் பக்கம் நர்ஸ். மலாய்க்காரப் பெண், நடுத்தர வயது, ஏதோ தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர்போல, கொச்சையாகத் தமிழும் பேசுவார்.

அவர் திட்டப் போகிறார் என்று நான் எழுந்து நின்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எவ்வளவு நாளாகத் தின்கிறாய் என்று கேட்டார். இந்தப் பிள்ளை உண்டாவதற்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டார். மாத்திரையை எதோடு சாப்பிட்டாய் என்று கேட்டார். அக்கா சொன்னாள். அவர் தலையை மெதுவாக ஆட்டினார்.

பிறகு பாதி மலாயிலும் பாதி தமிழிலும் விளக்கினார். தேத்தண்ணியில் இருக்கிற அந்தக் கசப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளுமாம், உடம்புக்குள் போகவிடாதாம். உன் விரலில் கறுப்பு ஏறுகிறதே, கத்தியில் சாயம் பட்டால் கறுக்கிறதே, அதே சண்டைதான் வயிற்றுக்குள்ளும் என்றார். நீ சாப்பிட்ட மாத்திரையெல்லாம் வந்த வழியே போயிற்று. இனிமேல் லிமாவ் தண்ணீரில் சாப்பிடு. தேத்தண்ணி குடித்தால் நேரம் தள்ளிக் குடி. அத்தோடு முடித்துக்கொண்டு அவர் எழுந்திருக்கலாம். எழவில்லை. ரத்தம் இல்லாத பெண்கள் சில பேர் மண் தின்பார்கள், சில பேர் கரி தின்பார்கள், பச்சரிசி தின்பார்கள், ஐஸ் கட்டி கடிப்பார்கள் என்றார்.

"நீ தே திங்குற. இது சாக்கிட்லா. நோய்."

"நோயா மிசி?" என்றாள் அக்கா.

"ஆமா. ரத்தம் வந்தா ஆசை போகும்."

அக்கா அப்போதுதான் அழுதாள். பிள்ளை போனதற்கு அழாதவள், நோய் என்ற ஒரு வார்த்தைக்குக் கட்டிலே ஆடுகிற மாதிரி அழுதாள். மிசி அவள் முதுகைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பொட்டலத்தை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மிசி சொன்னபடியே செய்தாள். கொல்லையில் லிமாவ் செடி இருந்த சீனக் காய்கறித் தோட்டக்காரர் ஒருவரிடம் பழம் கேட்டு வாங்கினேன். பிழிந்த தண்ணீரில் மாத்திரை. தேத்தண்ணி அதிலிருந்து வெகுநேரம் தள்ளி. முதலில் தூள் இல்லாமல் தவித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பிறகு மெல்ல மெல்ல உதட்டில் நிறம் வந்தது. படியேறினால் வாங்குகிற மூச்சு குறைந்தது. ஒரு நாள் சாயந்தரம் வேலை விட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள். என் தேயிலை டின்னைத் திறக்கச் சொன்னாள். மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள்.

"ஒண்ணுமே தோணல தங்கச்சி. வைக்கோலு மாதிரி இருக்கு."

நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தோம். அந்த மூன்று நான்கு வருஷத்தில் நாங்கள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதோடு விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவளால் விட முடியவில்லை. நோய் என்று தெரிந்த பிறகு திருடி என்ற பேர் அவளுக்கு முன்னைவிட அதிகமாக வலித்தது. தான் திருடி இல்லை என்பது முன்பு அவளுக்கே பாதிதான் நிச்சயமாக இருந்தது. இப்போது நிச்சயமாகத் தெரிந்தது. மாமாவிடம் சொன்னாள். அவர் சரி சரி என்றார். மறுநாள் காலையிலும் முகம் கழுவிக்கொண்டு அம்மா வீட்டுக்குத்தான் போனார்.

ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். துரை மாறியிருந்தார்; புதிதாக ஒருவர் வந்திருந்தார். கிராணி மாறவில்லை. அக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள்: ரத்தம், மாத்திரை, மிசி, இப்போது அந்த ஆசையே இல்லாதது. கிராணி தாளைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"அதான் முடிஞ்சு போச்சே. இப்ப வேல செய்றல்ல? வேறென்ன?"

"எல்லாரு முன்னாடியும் திருடின்னு சொன்னீங்க. எல்லாரு முன்னாடியும் இல்லன்னு சொல்லணும். பிரட்டுல."

கிராணி முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். நோயோ என்னவோ, மடியில் இருந்தது தோட்டத்துச் சரக்குதானே என்றார். அது உண்மைதான். அக்கா சொன்னாள், எடுத்தது நிஜம், விற்றதாகத்தானே நிறுத்தினீர்கள் என்று. பேச்சு உயர்ந்ததும் உள்ளேயிருந்து புதுத் துரை வந்தார். இளவயசுக்காரர். கிராணியிடம் இங்கிலீசில் விவரம் கேட்டார். அக்காவைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்புதான். கிராணியிடம் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கிராணி குரலை மாற்றிக்கொண்டார். "துரை மன்னிச்சுட்டாரு. இடம் காலியானா பேக்டரி வேலையும் திரும்பத் தரச் சொல்லிட்டாரு. போ, அதிர்ஷ்டக்காரி."

அக்கா நகரவில்லை. கிடைக்கிறதை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று அவள் முழங்கையைப் பிடித்தேன்.

"மன்னிக்கச் சொல்லி நான் வரலீங்கய்யா," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பி நடந்தாள். ஆலை வேலை பிறகு ஒரு தடவை காலியானது; கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. தலைக்கொழுப்பு என்று லயத்தில் பேசினார்கள். மாமாவும் அதைத்தான் சொன்னார். அவள் மலையிலேயே இருந்தாள். அந்த மிசியைப் பார்த்து நன்றி சொல்ல ஒரு நாள் முட்டைக்கோசும் கீரையும் வாங்கிக்கொண்டு டவுனுக்குப் போனோம். அவரைக் குவாந்தான் பக்கம் மாற்றிவிட்டார்கள் என்று சொன்னார்கள். காய்கறியை அங்கே இருந்த வேறொரு மிசியிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினோம்.

எண்பதுகள் பிறந்த பிறகு மாமாவின் தம்பிக்குக் கல்யாணமாகி, சுங்கை சிப்புட் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். சின்னப்பெண். வந்த வருஷமே முழுகாமல் இருந்தாள். அவளுக்கும் உதடு வெளுத்தது, அவளுக்கும் அதே மாத்திரை கொடுத்தார்கள். மாமியார் வீட்டில் மூன்று வேளையும் மைபோலச் சாயம். ஒரு நாள் குழாயடியில் அவள் தனியாக நின்றபோது அக்கா போய்ச் சொன்னாள், மாத்திரையைத் தேத்தண்ணியில் விழுங்காதே, லிமாவ் பிழிந்து குடி என்று. ஏன் என்பதையும், தனக்கு நடந்ததையும், குழந்தையையும் ஒளிக்காமல் சொன்னாள்.

அது மாமியார் காதுக்குப் போய்விட்டது. அவர் லயமே கேட்கிற மாதிரி வாசலில் நின்று பேசினார். பெற்றதைக் காப்பாற்றத் தெரியாதவள், தேயிலை தின்று தோட்டத்துக்கே சிரிப்புக் காட்டியவள், இப்போது டாக்டராகிவிட்டாளாம். அவள் கண் என் பேரப்பிள்ளைமேல் பட வேண்டாம் என்றார். மாமா அந்த வீட்டுக்குள்தான் தேத்தண்ணி கிளாசோடு உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து வரவில்லை.

அக்கா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் போனபோது அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என் மனசு ஆறாமல் அந்த வீட்டு வாசலுக்குப் போய்ச் சண்டை போடக் கிளம்பினேன். அவள் என்னை உட்காரச் சொன்னாள். "உடுலா. அந்தப் புள்ள காதுல உழுந்துருச்சு. அது போதும்," என்றாள்.

உண்மையிலேயே விழுந்திருந்தது. அந்தப் பெண் யாருக்கும் தெரியாமல் என் வீட்டுக்கு வருவாள். துணி துவைக்கிற சாக்கில், விறகு கேட்கிற சாக்கில். நான் லிமாவ் பிழிந்து வைத்திருப்பேன். என் அடுப்படியில் நின்றபடியே மாத்திரையை விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு ஓடிவிடுவாள். அவள் வீட்டிலிருந்து அக்காவின் வீடு இரண்டு வாசல்தான். கீழ் லயம்வரை இறங்கி என்னிடம்தான் வந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மாதம் நிறைந்து ஆண் பிள்ளை பெற்றாள். நல்ல கனம், நல்ல அழுகை. தொட்டில் போடுகிற அன்றைக்கு மேல் லயம் முழுக்கச் சொல்லியிருந்தார்கள். மூத்த மருமகள் என்ற முறைக்காக அக்காவுக்கும், அவளோடு சேர்த்து எனக்கும் சொன்னார்கள். அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள். எல்லோரும் பிள்ளையை வாங்கி வாங்கிக் கொஞ்சினார்கள். கை மாறிக் கை மாறி அக்காவிடம் வரும் நேரத்தில் மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார், பசிக்குது போல என்று சொல்லிக்கொண்டு. பிள்ளை அப்போது தூங்கிக்கொண்டிருந்தது.

சின்னவள் அக்காவை ஒரு தடவை பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் அந்த வீட்டில் அவள் பாடு என்னவாகியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

அக்கா பந்திக்கு இலை போடப் போனாள். நான் பின்னால் போய், உன்னால் பிழைத்த பிள்ளை, தொடக்கூட விடவில்லையே என்றேன். அவள் இலையைத் துடைத்து ஒவ்வொன்றாக வரிசைப்படுத்திக்கொண்டே, "மெதுவா பேசு. புள்ள தூங்குது," என்றாள். பிறகு தண்ணீர்ச் செம்பை என் கையில் கொடுத்து, அந்தக் கோடியிலிருந்து ஊற்றிக்கொண்டு வா என்றாள்.